கோணல் பிடி

செப்டம்பர் 3, திங்கள்

தக்காளி அடைத்து முடிந்தது. பதினொரு ஜாடி. பன்னிரண்டாவதற்கு முக்கால்தான் வந்தது. முக்கால் ஜாடியை அலமாரியில் வைக்கும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. மத்தியானமே சூப் வைத்துவிட்டேன்.

தபாலில் டென்னி கிரெஸ்ஸின் கடிதம். என் கணவர் ஓத்மர் நாற்பத்துநான்கு வருஷம் போய்வந்த துப்பாக்கிச் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். உறுப்பினர் இறந்தால் குடும்பத்தின் உரிமை அந்த வருஷக் கடைசியோடு முடிகிறதாம். ஆனாலும் சங்கம் என்னை மறக்காதாம். என்னைக் கௌரவ உறுப்பினர் ஆக்கப் போகிறார்களாம், 'இத்தனை வருஷம் நீங்கள் கொண்டுவந்த பெர்சிமன் பழப் புட்டிங்குக்கு நன்றியாக.'

கௌரவம்! முப்பத்தொரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கௌரவ மதிப்பெண் என்று யாருக்கும் போட்டதில்லை. யாரிடமும் வாங்கியதுமில்லை.

கடிதத்தில் இரண்டு பிழை. சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பலாமா என்று யோசனை.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஓத்மர் போய் இன்றோடு ஆறு மாதம். பூசைக்குப் போனேன். மழை.

செப்டம்பர் 16, ஞாயிறு

கல்யாணமாகி ஐம்பத்தொரு வருஷம்.

காபி போட்டுக்கொண்டிருந்தபோது வெர்ஜில் ஷ்னெல் வந்தான். மேசைத் தொழிற்சாலையில் ஓத்மருக்குப் பக்கத்து இடத்தில் நின்று வேலை பார்த்தவன். சனிக்கிழமைகளில் சங்கத்திலும் பக்கத்துச் சுடும் மேசை. கைக்குள் ஒரு வால்நட் மரப்பெட்டி. மூலைகளைப் பார்த்ததுமே தெரிந்தது யார் செய்தது என்று. ஆணி கிடையாது, பசை வழிந்த தடம் கிடையாது.

"என்ன இது?"

"எனக்கென்ன தெரியும்? பிப்ரவரியில என் கையில திணிச்சு, செப்டம்பர் பதினாறு, ஒரு நாள் முன்னயும் கூடாது பின்னயும் கூடாதுன்னான். ஏழு மாசமா என் கட்டிலுக்கடியில கெடக்கு. பெருக்கும்போதெல்லாம் என் பொண்டாட்டி திட்டறா."

உள்ளே பச்சைக் கம்பளித் துணி. அதன்மேல் ஒரு ரிவால்வர். பழங்கால மாதிரி: கரிமருந்தும் ஈயக்குண்டும் தனித்தனியாகப் போட்டு, உருளையின் ஒவ்வோர் அறைக்குப் பின்னாலும் பொறி தரும் ஒரு செம்புக் கேப்பு மாட்டிச் சுடும் வகை. பாகம் பாகமாக வாங்கி, அராவி, மெருகேற்றி, மரப்பிடியை அவரே செதுக்கியிருக்கிறார். ஒரு துண்டுத்தாளும் இருந்தது.

'மினா, ஐம்பதாவதுக்கு. கொஞ்சம் தாமதம். பிடித்துப் பார். – ஓ.'

போன வருஷம் ஐம்பதாவதுக்கு எனக்கு ஒன்றும் தரவில்லை. "உன் பரிசு இன்னும் தயாராகல" என்று சொன்னார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

வெர்ஜில் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தான். நானும் குடித்தேன். பிறகு அவனுக்கு இரண்டாவது துண்டு கேக் வெட்டினேன். வேறென்ன செய்வது.

செப்டம்பர் 17, திங்கள்

மனதைத் தெளிவாக வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

ஓத்மரிடம் நீளத் துப்பாக்கி நான்கு இருந்தன. ரிவால்வர் ஒன்றுகூட இல்லை. ஆண்கள் பெண்டாட்டிக்குப் பரிசு வாங்கும் விதம் எனக்குத் தெரியும். 1974-ல் எனக்குப் பிறந்தநாள் பரிசாகப் படகு வந்தது. நான் தண்ணீரில் இறங்கியதே இல்லை. இதுவும் அந்தப் படகின் தம்பிதானா? தனக்கு ஆசை, பெயர் என்னுடையது?

அதுவும் பிடி கோணல்! வலப்பக்கம் தட்டை, இடப்பக்கம் புடைத்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் மேசைகளுக்கு இழுப்பறை பொருத்தியவர். ஒரு தாள் தடிமன் இடைவெளி இருந்தாலும் கழற்றி மறுபடி இழைப்பவர். கடைசி மாதங்களில் மருந்தால் கை நடுங்கியது. அதனால்தான். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

லோயிஸ் இண்டியானாபோலிஸிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, எழுபத்தேழு வயசுல துப்பாக்கியா? வித்துடுங்க."

"உங்கப்பா குடுத்தது."

"அப்பா படகுகூடத்தான் குடுத்தார். அதை வித்தீங்களே."

என் மகள்தான். சந்தேகமில்லை.

செப்டம்பர் 20, வியாழன்

வீட்டில் ஓத்மரின் எழுது மேசையில் சங்கத்தின் விதிப்புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கம்வரை படித்தேன். டென்னி அதைப் படித்திருக்க மாட்டான். எந்தப் புத்தகத்தையும் அவன் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை.

பதினான்காம் விதி: இறந்த உறுப்பினரின் துணைவர், அந்த ஆண்டின் கடைசிப் போட்டிக்குள் இருபத்தைந்து குண்டு சுட்டு நூற்றைம்பது புள்ளி எடுத்தால், இறந்தவரின் இடத்தையும் சுடும் மேசையையும் தன் பெயரில் பெறலாம். தவறினால் புதிய ஆள்போல விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் தகுதிகாண் காலம்.

கடைசிப் போட்டி, நன்றி அறிவிப்பு நாளுக்கு மறு சனிக்கிழமை. நவம்பர் 24. ஒன்பது வாரம்.

அந்தச் சங்கத்தின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஆளுக்கொரு பித்தளைத் தகடு, அதில் பெயர். ஓத்மரின் தகட்டை மார்ச்சில் கழற்றி, இறந்தவர்கள் பலகைக்கு மாற்றிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. அங்கே 'ஃபிலோமினா ஹாகெடோர்ன்' என்று இருக்க வேண்டும். சுட்டு வாங்கிய பெயராக இருக்க வேண்டும். புட்டிங்குக்கு வாங்கியதாக இருக்கக் கூடாது.

ஒன்றாம் வகுப்பில் என் கையை எழுதப் பழக்க ஆறு மாதம் ஆனது. வகுப்பிலேயே சிறந்த கையெழுத்து ஆனது. சுடப் பழக்க ஒன்பது வாரம் போதாதா?

செப்டம்பர் 29, சனி

முதல் நாள். டென்னி விண்ணப்பத் தாளை நீட்டினான். பெயர், வயது, சுடும் கை. 'வலது' என்று எழுதினேன். அவன் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அச்சடிச்ச மாதிரியே இருக்கு டீச்சர். இன்னிக்கும்."

"உன் கடிதத்துல ரெண்டு பிழை இருந்தது."

"ரெண்டுதானா? முன்னேறிட்டேன்."

சுடும் வரிசைக்கு இப்போது அதிகாரி ஜோலீன். லாரி ஓட்டுகிறாள், குரலும் லாரிதான். ஐந்தாம் வகுப்பில் நீள வகுத்தல் அவளுக்கு வரவே இல்லை.

"டீச்சர், குழல் முனை எப்பவும் இலக்குக்குப் பின்னால இருக்கற மண்மேட்டுப் பக்கம் பார்க்கணும். ஆறு அறை இருந்தாலும் அஞ்சுதான் நிரப்பணும். ஆறாவது காலி, சுத்தியல் அதுமேல உக்காரும். மருந்து, குண்டு, மேல கொழுப்பு. கேப்பு மாட்டறது இந்தக் கோட்டுக்கு வந்தப்புறம்தான். திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை.

"நாற்பத்திரெண்டு மார்க் போட்டீங்க எனக்கு. நான் நூறு போடறேன் பாருங்க."

அந்த நூறு மார்க் பத்து நிமிஷம்தான் நிலைத்தது. நான்காவது முறை விசையை இழுத்தபோது சத்தம் வரவில்லை, வெறும் 'டப்'. "நிறுத்து!" என்று ஜோலீன் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. நான் மருந்து போடாமலே குண்டை இறக்கியிருக்கிறேன். கேப்பின் வேகத்தில் குண்டு பாதி வழி போய்க் குழலில் மாட்டிக்கொண்டது. வெர்ஜில் அதைக் கழற்றி எடுக்க அரைமணி நேரம்.

சங்கத்தின் வழக்கம்: மருந்தை மறந்தவர் கொட்டகை வாசலில் தொங்கும் மாட்டு மணியை அடித்து, தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஓத்மர் நாற்பத்துநான்கு வருஷத்தில் இரண்டு முறை அடித்தாராம். என்னிடம் சொன்னதே இல்லை, திருடர்!

"டீச்சர் அடிக்க வேண்டாம், விட்டுடலாம்" என்றான் டென்னி.

"ஏன்? எனக்கு மட்டும் தனி விதியா?"

அடித்தேன். ஓங்கி அடித்தேன். "ஃபிலோமினா ஹாகெடோர்ன்!" என்றேன். பதினைந்து பேர் கைதட்டினார்கள். அதில் ஒன்பது பேர் என்னிடம் படித்தவர்கள். இத்தனை வருஷம் காத்திருந்த கைதட்டல் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்டோபர் 6, சனி

இருபத்தைந்து குண்டு. 61 புள்ளி. இரண்டு குண்டு தாளிலேயே இல்லை.

இங்கே ஒரு கையால்தான் சுட வேண்டும். தினமும் இஸ்திரிப் பெட்டியைக் கை நீட்டிப் பிடித்து எண்ணுகிறேன். நாற்பது எண்ணுவதற்குள் தோள் கெஞ்சுகிறது. கெஞ்சட்டும்.

அக்டோபர் 9, செவ்வாய்

ஐம்பது எண்ணினேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

காற்று. சமையலறை ஜன்னலின் கீழ்க்கண்ணாடி கிடுகிடுக்கிறது. போன டிசம்பரில் கேக் மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். ஓத்மர் கண்ணாடிச் சந்தில் வைத்து அடைக்கும் மக்கை உருட்டிக்கொண்டு வந்தார். "இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி மினா, கைச்சூட்டுல இளகட்டும்." வேலைக்கு நடுவில்! பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அவர் அரைகுறையாக விட்ட வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதுவும் என் சமையலறையில்.

அந்தப் பிடியையும் சேர்த்தால் இரண்டு.

அக்டோபர் 20, சனி

88. எல்லாக் குண்டும் தாளில். ஆனால் எல்லாம் இடப்பக்கம், கீழே. ஒரே இடத்தில் குவிகிறது. இலக்கு மட்டும் வேறெங்கோ இருக்கிறது.

பிடிதான் காரணம். விரல் நுனிகள் போய்ச் சேரும் இடத்தில் அந்தப் புடைப்பு முட்டுகிறது. விசையை இழுக்கும்போது குழல் திரும்பிவிடுகிறது. இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெர்ஜிலும் பார்க்கிறான், அவனும் சொல்லவில்லை. இறந்தவரின் கடைசி வேலையைக் குறை சொல்வது எப்படி?

கழுவுவது மட்டும் நன்றாக வருகிறது. கரிமருந்துக் கறைக்குச் சூடான சோப்புத் தண்ணீர். பிறகு எண்ணெய். வாரக்கடைசியில் என் பாத்திரத்தொட்டி அழுகிய முட்டை நாற்றம் நாறுகிறது. ஓத்மரின் சட்டையில் நாற்பது வருஷம் நான் திட்டிய நாற்றம்.

நவம்பர் 3, சனி

97. மூன்று வாரம் பாக்கி. இந்த வேகத்தில் நூற்றைம்பதுக்குப் பிப்ரவரி ஆகும்.

எல்லாரும் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது ஜோலீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா, கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேள்வியைப் பொறுத்தது."

"கேப்பு மாட்டும்போது ரிவால்வர் உங்க கையில கல்லு மாதிரி நிக்குது. சுடும்போது மட்டும் ஏன் அப்படி ஆடுது? பயமா?"

பயமா! அவளுக்கு அன்று நாற்பத்திரண்டு போட்டதே அதிகம்.

வீடு திரும்பும் வழியில் வெர்ஜிலிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் சொல்லியே விட்டேன்.

"அந்தப் பிடியோட இடப்பக்கத்தைச் சீவிச் சமமாக்கித் தா."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நானும் அவன்கிட்ட சொன்னேன், ஃபிலோமினா. டேய், ஒரு பக்கம் தடிச்சிருக்குடா, குடு நான் இழைக்கிறேன்னு. 'வாயை மூடிட்டுப் பெட்டியைப் பத்திரமா வை, அவளுக்குத் தெரியும்'னான். நோய் அவனுக்குத் தலைக்கும் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்."

புதன்கிழமை அரத்தோடு வருகிறான்.

ஓத்மர், கோபப்படாதீர்கள். நீங்கள் செய்த பொருளை நான் தூக்கி எறியவில்லையே. திருத்துகிறேன். அவ்வளவுதான். நான் எதைத் திருத்தாமல் விட்டேன்?

நவம்பர் 6, செவ்வாய்

காலையில் ஓட்டுப் போட்டேன். பிறகு நாளைக்கு வேண்டுமென்று உப்புத்தாள் எடுக்கப் பட்டறைக்குப் போனேன்.

மார்ச்சுக்குப் பிறகு நான் அங்கே நுழையவில்லை. எல்லாம் வரிசையாக, காபி டப்பாக்களில், ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் அவர் கையெழுத்து. 'திருகு – எட்டு.' 'ஆணி – சின்னது.' 'கீல்.' கடைசி டப்பாவில் 'மினா' என்று இருந்தது.

அதற்குள் மக்கு உருண்டை. கல்லாக இறுகியிருந்தது. டிசம்பரில் நான் பிடித்துக் கொடுத்த அதே உருண்டை. என் நான்கு விரலும் பதிந்திருந்தன, மோதிரத்தின் தடம்கூட. அந்த மோதிரம் இன்னும் என் இடது கை விரலில்தான்—

வலது கையில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. திருப்பினேன். பொருந்தவில்லை. இடது கையில் வைத்தேன். சாவி பூட்டுக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்தது.

உள்ளே வந்து பெட்டியைத் திறந்தேன். ரிவால்வரை இடது கையால் எடுத்தேன். அந்தப் புடைப்பு உள்ளங்கைக் குழியில் போய் நிறைந்தது. தட்டையான பக்கத்தில் விரல்கள் படிந்தன. எங்கும் முட்டவில்லை. எங்கும் இடைவெளி இல்லை. ஒரு தாள் தடிமன்கூட.

இந்த மாதிரி ரிவால்வரில் கேப்பு மாட்டும் பள்ளம் வலப்பக்கம் இருக்கிறது. அதனால் இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மாட்டுவோம். ஐந்து வாரமாக அதை ஒவ்வொரு முறையும் சரியான கையில் பிடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தவறான கைக்கு மாற்றியிருக்கிறேன்! ஜோலீனுக்குக் கண் இருக்கிறது. எனக்கு?

கேக் மாவை எந்தக் கையால் கலக்கிக்கொண்டிருந்தேன் அன்று? கரண்டியை வைத்துவிட்டு அதே கையை நீட்டினேன். சீட்டுக்கட்டை எந்தக் கையால் போடுகிறேன்? ஈயை எந்தக் கையால் அடிக்கிறேன்? ஜாடி மூடியை? எழுந்துபோய் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எழுபத்தேழு வயதில் சமையலறையில் நின்று இல்லாத ஈயை அடித்தேன்.

சிஸ்டர் வால்புர்கா. ஒன்றாம் வகுப்பு. என் இடது மணிக்கட்டை நீல ரிப்பனால் நாற்காலி முதுகில் கட்டுவார். ஈஸ்டர்வரை. இறுக்கமாகக் கட்ட மாட்டார், நல்லவர். நான் இழுத்ததால்தான் தடம் விழுந்தது. கல்யாணமான புதிதில் இதை ஓத்மரிடம் பெருமையாகச் சொன்னேன், ஒழுக்கம் எப்படி வந்தது என்பதற்கு உதாரணமாக. அவர் சிரிக்கவில்லை. "எந்தக் கை?" என்றார். இடது மணிக்கட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் தன் கையில் வைத்திருந்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஐம்பது வருஷம்!

சொல்லியிருக்கலாமே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனுஷா! 'பிடித்துப் பார்'னு மட்டும் எழுதி வச்சுட்டு—

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? எனக்கு ஒன்றும் குறையில்லை என்று பெட்டியை மூடியிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் நானும் பிள்ளைகளின் பென்சிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். இருவர். ரிப்பன் கட்டவில்லை. ஆனால் மாற்றினேன். அவர்கள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது.

நவம்பர் 7, புதன்

வெர்ஜில் அரத்தையும் உப்புத்தாளையும் மேசையில் பரப்பினான்.

"அரத்தை உள்ள வை. காபி குடி."

"சீவ வேண்டாமா?"

"ரிவால்வரை இடது கையில பிடிச்சுப் பாரு."

பிடித்தான். அவன் கை பெரியது, பொருந்தவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கழுதை" என்றான். "கை நடுங்குறவன் செதுக்குனதுன்னு நெனச்சேனே. இது ஒரு எடத்துலகூட நடுங்கல."

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப நீ இடது கைக்காரியா? பிரசங்கம் பண்ணிப் பண்ணியே எங்க எல்லாரையும் ஏமாத்திட்ட" என்றான்.

நவம்பர் 10, சனி

இடது கையால். 104. முதல் நாளே.

ஜோலீன் இலக்குத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பயம் போயிடுச்சா?"

"உன் வகுத்தல் எப்படி இருக்கு?" என்றேன்.

நவம்பர் 13, செவ்வாய்

இஸ்திரிப் பெட்டி, இடது கை: நூற்றிருபது. எழுபது வருஷம் சும்மா கிடந்த கை என்று எழுத நினைத்தேன். சும்மா எங்கே கிடந்தது? இந்த வீட்டின் எல்லா ஜாமையும் அதுதானே கிண்டியது. பெயர்தான் வாங்கவில்லை.

நவம்பர் 17, சனி

131. குண்டுகள் நடுவைச் சுற்றி விழுகின்றன. பத்தொன்பது புள்ளி பாக்கி. ஒரு வாரம். முடியும்.

நவம்பர் 22, வியாழன்

லோயிஸும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வான்கோழியை இடது கையால் வெட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. கேட்டால், எப்போதும் அப்படித்தான் வெட்டுவேனாம்.

நவம்பர் 24, சனி

நல்ல குளிர், காற்றில்லை. ஓத்மரின் ஏழாம் மேசை. கரிமருந்துப் புகை தரையோடு படர்ந்து நகரவே இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு புகை விலகக் காத்திருந்தேன். அவசரப்படுவதற்கு எனக்கென்ன இருபது வயதா?

ஐந்து தாள், தாளுக்கு ஐந்து குண்டு. முதல் தாள் 26. இரண்டாவது 29. பிறகு 31, 30. கடைசித் தாளில் 34 வேண்டும். ஐந்து கேப்பையும் மாட்டினேன். கைமாற்றவில்லை. அப்படியே உயர்த்தினேன்.

மார்ச்சுக்குப் பிறகு இவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை. அதை எழுதி வைக்கிறேன், மறக்காமலிருக்க.

டென்னி தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். ஏழு, ஏழு, ஆறு, ஆறு. கடைசி ஓட்டை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள கோட்டருகே. கோட்டைத் தொட்டால் எட்டு.

"எட்டு. முப்பத்துநாலு. நூத்தைம்பது டீச்சர்!"

எல்லாரும் கத்தினார்கள். ஜோலீன் என் முதுகில் ஒரு போடு போட்டாள். நான் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தேன்.

"தொடல, டென்னி."

"தொட்டுருக்கு."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

"ஒரு முடியளவு டீச்சர்! யார் பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே. வெர்ஜில், அளவுக் கட்டையைக் கொண்டா."

வெர்ஜில் குண்டின் பருமனே உள்ள அந்தக் கட்டையை ஓட்டைக்குள் செருகினான். உருப்பெருக்கியை வைத்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது யாரையும் பார்க்காமல் சொன்னான்: "ஏழு."

நூற்று நாற்பத்தொன்பது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. டென்னி என் எதிரே உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆண்பிள்ளை. முகம் எட்டாம் வகுப்பு.

"எட்டாவதுல எனக்கு அம்பத்தொன்பது போட்டீங்க. அறுவது பாஸ். எங்கம்மா வந்து அழுதாங்க. அந்த வருஷம் பேஸ்பால் டீம்ல என்னைச் சேர்க்கல."

"ஞாபகம் இருக்கு."

"ஒரு மார்க். முப்பத்தாறு வருஷமா, உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னே நெனச்சுட்டு இருந்தேன்."

"இன்னிக்கு உன்கிட்ட ஒரு மார்க்கை வாங்கிக்கிட்டு நாளைக்கு உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவன் சிரித்தான். நாற்காலி ஆடும்படி சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்பத்தொன்பதுன்னா அம்பத்தொன்பதுதான்" என்றான்.

தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. மிச்சமிருந்த வான்கோழியில் இரண்டு சாண்ட்விச்.

நவம்பர் 25, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனேன். சொன்னேன். ஒரு முடியளவு என்றும் சொன்னேன். அவர் அந்த இழுப்பறைகளைக் கழற்றி மறுபடி இழைத்தது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 15, சனி

வருஷாந்திரக் கூட்டம். ஏழாம் மேசை காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குப் போனது. ஜோலீன். எனக்கு அது குத்தவில்லை என்று எழுதினால் பொய். நியாயப்படி எனக்கு வரவில்லை, நியாயப்படி அவளுக்குப் போனது.

வெளியே வந்ததும் அவள் என் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், சனிக்கிழமை நான் பத்து மணிக்கு முன்னாடி எழுந்ததே கிடையாது. பத்துவரைக்கும் மேசை சும்மாதான் கெடக்கும். தகுதிகாண் ஆளுங்க காலியா இருக்கற மேசையில சுடலாம், விதி இருபத்திரெண்டு."

"நீ விதிப்புத்தகம் படிச்சியா?"

"கடைசிப் பக்கம்வரைக்கும்."

கௌரவ உறுப்பினர் தீர்மானத்தை டென்னி கொண்டுவரவே இல்லை. நன்றி, டென்னி.

ஜனவரி 5, சனி

இதை இடது கையால் எழுதுகிறேன். மெதுவாக. மன்னிக்கவும், நாட்குறிப்பே.

புதிய மக்கு வாங்கி, கையில் இளக்கி, ஜன்னலை நானே அடைத்தேன். கண்ணாடி இப்போது பேசுவதில்லை. 'மினா' டப்பா அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புது விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. முன்மொழிபவர் வெர்ஜில். வழிமொழிபவர் ஜோலீன். சுடும் கை என்ற இடத்தில் 'இடது' என்று எழுதினேன், இடது கையால். டென்னி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன டீச்சர், கையெழுத்து இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணாம் வகுப்புல சேர்ந்திருக்கேன்" என்றேன்.

எழுத்து சாய்கிறது. கோட்டைத் தாண்டுகிறது. பத்துக்கு மூன்று போடலாம், அதற்குமேல் ஒன்றும் கிடையாது.